ராத்திரி இருமி எழுந்தாளா?

வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் எல்லோருடைய கவனமும் பகலில்தான் இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலம் கீழே இறங்கி விளையாடுகிறாள், அப்புறம் என்ன என்று இருந்துவிடுவோம். ராத்திரி இருமினால் பனி ஒத்துக்கொள்ளவில்லை, சளி கட்டியிருக்கிறது என்று நெஞ்சில் தைலம் தேய்த்துத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைப்போம். என் மகளுக்கு மூன்று வயதில் வீசிங் ஆரம்பித்தது, கூடவே மூக்கு அலர்ஜியும். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. டாக்டர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும், அவள் பக்கத்தில் விழித்திருந்து பார்த்தும் நான் தெரிந்துகொண்டவற்றில் முதன்மையானது இதுதான்: குழந்தையின் ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்பதை ராத்திரியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இதை எங்களுக்குப் புரிய வைத்தவர் குழந்தைகளுக்கான நுரையீரல் டாக்டர் ஒருவர். அதற்கு முன் போன இடங்களில் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்ப்பார்கள், நெபுலைசர் வைப்பார்கள், சிரப் எழுதி அனுப்புவார்கள். இவர் ஸ்டெத்தை எடுப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்டார். கடந்த நாலு வாரத்தில் பகல் நேரத்தில் வாரம் இரண்டு தடவைக்கு மேல் இருமலோ இளைப்போ வந்ததா? இளைப்பு வந்ததும் மூச்சைத் திறக்க உள்ளே இழுக்கும் நீல பம்ப் வாரம் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? ஓடியாடும்போது பாதியில் நின்றாளா? ராத்திரி இருமி எழுந்தாளா? உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா என்ற அமைப்பு வகுத்த கேள்விகள் இவை. பகலுக்கும் பம்ப்புக்கும் வாரம் இரண்டு தடவை என்ற எல்லை இருக்கிறது. ராத்திரிக்கு அந்தச் சலுகை கிடையாது. மாதத்தில் ஒரே ஒரு ராத்திரி எழுந்தாலும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விடிகாலை நேரம் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்டேன். எல்லோருக்குமே ஒரு நாளில் மூச்சுக்குழாய் அதிகமாகச் சுருங்குவது விடிகாலை நாலு மணியை ஒட்டித்தானாம். வீக்கத்தை அடக்கிவைக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் நடு ராத்திரியை ஒட்டி உடம்பில் மிகக் குறைந்துபோகும். ஆரோக்கியமான நுரையீரலுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஏற்கெனவே உள்ளே வீங்கிக் கிடக்கும் குழாய்க்கு அந்தச் சின்ன வித்தியாசமே போதும். மல்லாந்து படுத்தால் மூக்குச்சளி பின்பக்கமாகத் தொண்டைக்கு இறங்கும். முகத்துக்கு அடியிலேயே தலையணைத் தூசு வேறு. பகலெல்லாம் நன்றாக இருந்த குழந்தை மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவது இதனால்தான்.

எங்கள் சமையலறையில் பால் கணக்கு எழுத ஒரு மாதக் காலண்டர் தொங்கும். அதே கட்டங்களில் மனைவி இன்னொரு கணக்கையும் ஆரம்பித்தாள். இருமி எழுந்தால் 'இ', நீல பம்ப் போட்டால் 'ப', குறட்டை விட்டால் 'கு'. தனியாக நோட்டுப் போட்டால் சில நாளில் விட்டுப்போகும். பால் பாக்கெட் எழுதும்போதே இதையும் எழுதுவதால் விட்டுப்போகவில்லை. வீட்டில் யாருக்கும் நினைவில்லாத விஷயங்களை அந்தக் கட்டங்கள் காட்டின. மழை தொடங்கிய வாரங்களில் 'இ' வரிசையாக வந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டங்களிலும் அது அடிக்கடி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு பழக்கத்தையும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன். ராத்திரி மூச்சு சரியில்லை என்று தோன்றினால் சட்டையை மேலே தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரிய, சத்தத்தோடு போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். காலையில் டாக்டர் முன்னால் உட்காரும்போது குழந்தை சாக்லேட் கேட்டுக்கொண்டிருப்பாள், நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. வீடியோ இருந்தால் அவர் ராத்திரியைப் பார்க்கலாம். அதைப் பார்த்தே மூச்சையும் எண்ணலாம். தூங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40, அதற்கு மேல் 30 என்பதைத் தாண்டினால் வேகமான மூச்சு.

தமிழ்நாட்டில் அடிக்கடி இருமும் குழந்தையைப் பெற்றவர்கள் என்றாவது ஒருநாள் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்', அதாவது குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய், என்று கேட்டுவிடுவார்கள். எங்களுக்கும் ஒரு கிளினிக்கில் அப்படிச் சொல்லி, ஆறு மாதம் டிபி மருந்து கொடுக்கலாம் என்றார்கள். எடை குறையவில்லை, விடாத காய்ச்சல் இல்லை, வீட்டில் யாருக்கும் காசநோய் இல்லை. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மேண்டூ டெஸ்டை மட்டும் வைத்து ஆரம்பிக்கப் பார்த்தார்கள். அந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எக்ஸ்ரே, வயிற்றிலிருந்து எடுக்கும் திரவத்தில் கிருமியைத் தேடும் ஜீன் பரிசோதனை என்று ஆதாரம் தேடிய பிறகே மருந்து தொடங்க வேண்டும் என்று அடுத்த டாக்டர் சொன்னார். பார்த்ததில் காசநோய் இல்லை. வீசிங்குக்கு டிபி மருந்து கொடுத்தால் குழந்தை ஆறு மாதத்துக்குத் தேவையில்லாத மாத்திரை விழுங்கும், இருமல் அப்படியே இருக்கும். அதே சமயம் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ உடனே பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அடுத்தது, வீசிங் வராமல் தடுக்கத் தினமும் போடும் பம்ப்பைப் பற்றிய பயம். "அது ஸ்டீராய்டுப்பா, பழகிடும், வளர்த்தி நின்னுடும்" என்று சொல்லாத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. பயத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்த்தோம். அந்தப் பம்ப்பில் அவளுக்கு எழுதிய ப்யூடெசொனைடு என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். வீசிங் முற்றினால் வாயில் கொடுக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் ஒரே நாளில் 20 மில்லிகிராம் வரை போகும், அதாவது 20,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, எடையை மட்டும் வைத்து வீரியத்தை ஒப்பிட முடியாது. ஆனால் உள்ளே இழுக்கும் மருந்து பெரும்பாலும் மூச்சுக்குழாயில் வேலை செய்கிறது, சிரப்போ ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. தினமும் சின்ன அளவு கொடுத்து அந்த சிரப் தேவைப்படும் நாளே வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் பம்ப். வளர்த்தியைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிறுவயதில் சில வருடம் தினமும் ப்யூடெசொனைடு எடுத்தவர்களைப் பெரியவர்களான பிறகு அளந்தபோது, எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு என்று 2012இல் வெளியிட்டார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். வருடக்கணக்கில் தூக்கமில்லாமல், மூச்சுக்குத் திணறும் குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்கத்தான் செய்யும். எங்கள் முடிவு தெளிவாகவே இருந்தது.

பம்ப்பை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது. பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசர் இல்லாமல் குழந்தைக்குப் போடவே கூடாது. மருந்து நாக்கிலும் தொண்டையிலும் அடித்து நின்றுவிடும். குலுக்கி, ஒரு பஃப் அழுத்தி, சாதாரணமாக ஐந்தாறு மூச்சு. வால்வு 'டக் டக்' என்று திறந்து மூடும் சத்தத்தை மகளே எண்ணுவாள். இரண்டாவது பஃப்புக்கு முன் அரை நிமிடம் பொறுத்து மறுபடி குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே போகாது. மாஸ்க் வைக்கும் வயதில் அது மூக்கையும் வாயையும் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அழும் குழந்தைக்கு மருந்து சரியாகப் போகாது, சமாதானப்படுத்திவிட்டுத்தான் போட வேண்டும். தினசரி பம்ப்பைப் பல் துலக்குவதற்கு முன்னால் வைத்துக்கொண்டோம். வாய் கொப்பளிப்பது தானாக நடந்துவிடும், நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வராது, மருந்தும் மறக்காது. ஸ்பேசரை மாதம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்பு ஓரிரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

நெபுலைசர் வைத்தால்தான் கேட்கும் என்பது பலருடைய நம்பிக்கை. குழந்தைகளுக்கு வரும் சாதாரண அட்டாக்கில் ஸ்பேசர் வழியாகச் சரியான அளவு போட்டால் நெபுலைசருக்குக் குறைவில்லாமல் வேலை செய்யும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எங்கள் பகுதியில் கரண்ட் போய், தெருவில் தண்ணீர் நின்றது. அந்த ராத்திரிகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஸ்பேசரை வைத்துத்தான் சமாளித்தோம். ஸ்பேசர் வாங்க முடியாத வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன். 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு ஸ்பேசராகப் பயன்படுத்தினால் கடையில் வாங்குவதற்குச் சமமாக இருக்கிறது என்று தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் பரிசோதித்து 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள். டாக்டரிடம் காட்டி ஒரு முறை சரிபார்த்துக்கொண்டால் போதும்.

அலர்ஜி எதற்கு என்று தெரிந்துகொள்ளத் தோல் பரிசோதனை செய்தோம். அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்திவிட்டு, பதினைந்து நிமிடம் கையை ஆட்டாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். வீட்டுத் தூசிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் கொசு கடித்ததுபோல் தடித்துக்கொண்டது. பாலுக்கும் முட்டைக்கும் ஒன்றும் இல்லை. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாம் 'குளிர்ச்சி' என்று அதுவரை நிறுத்தி வைத்திருந்த என் அம்மா அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்குத் தயிர் போட ஆரம்பித்தார். சாப்பிட்ட சில நிமிடத்தில் தடிப்போ வாந்தியோ இருமலோ வந்தால் அது வேறு விஷயம், கட்டாயம் பார்க்க வேண்டும். பரிசோதனை இல்லாமல் வளரும் குழந்தைக்குப் பால், முட்டை, பழம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். தூதுவளை ரசம் எங்கள் வீட்டில் இன்னும் உண்டு, சாப்பாட்டோடு சாப்பாடாக. பம்ப்புக்குப் பதிலாக இல்லை.

தூசிப் பூச்சி 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும். சென்னைக் காற்று அதற்குச் சொர்க்கம். அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் எச்சம். வீடு முழுவதையும் சுத்தம் செய்யப் புறப்பட்டால் ஒரே மாதத்தில் களைத்துவிடுவோம் என்று டாக்டர் சொன்னதால், அவள் தூங்கும் அறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் வெளியே போயின. புது மெத்தைக்கு ஜிப் வைத்த நெருக்கமான நெசவு உறை. போர்வை, தலையணை உறை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில். அந்த வசதி உள்ள மெஷின் இல்லாதவர்கள் பக்கெட்டில் நல்ல சூடான தண்ணீர் ஊற்றி ஊறவைக்கலாம். மொட்டை மாடி வெயிலில் போட்டால் பூச்சி குறையும், ஆனால் எச்சம் துணியிலேயே இருக்கும். அதனால் துவைக்காமல் வெயிலில் போடுவது மட்டும் போதாது. அவளுடைய துணிக்கரடியை மாதம் ஒரு முறை கவரில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, அப்புறம் துவைக்கிறோம். ஒட்டடை அடிப்பது, மின்விசிறி துடைப்பது எல்லாம் அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில். துடைப்பம் போட்டுப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. உறை போட்டால் வீசிங் நின்றுவிடும் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். இவை எல்லாம் சேர்ந்து மருந்தின் வேலையை இலகுவாக்கும், அவ்வளவுதான்.

வடக்குச் சுவரில் ஐப்பசி மழைக்கு ஓதம் ஏறிக் கரும்பூஞ்சை படரும். பெயின்ட் அடித்து மறைப்பதில் பயனில்லை, மாடியில் தண்ணீர் இறங்கும் வெடிப்பை அடைத்த பிறகுதான் நின்றது. கட்டிலை அந்தச் சுவரைவிட்டு நகர்த்தினோம். கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்தால் அந்த நெடியிலேயே அவள் இருமுவாள். மூலையில் வைக்கும் ஜெல்தான் சரி.

புகைக்கு வருகிறேன். மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் பிடித்த அளவுக்கு நுண்துகள் வெளியாகும் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைப் படித்த அன்றே சுருளை நிறுத்தினோம். டெங்கு இருக்கிற ஊர், கொசுவை விட்டுவைக்கவும் முடியாது. ஜன்னல்களுக்கு வலையடித்தோம், கட்டிலுக்குக் கொசுவலை கட்டினோம்.

வெள்ளிக்கிழமைக் கட்டங்கள் சொன்னது சாம்பிராணியை. அம்மாவிடம் அதைப் பேசுவது லேசாக இல்லை. "தலைக்குக் குளிச்சா சாம்பிராணி காட்டாம எப்படிடா? உனக்கும் உங்க அக்காவுக்கும் காட்டித்தானே வளர்த்தேன்" என்றார். நான் வாதம் செய்யவில்லை. மனைவி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்து, "அத்தை, இந்த 'இ' எல்லாம் எந்தக் கிழமையில வருதுன்னு நீங்களே பாருங்க" என்றாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதத்துத் தாள்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வெள்ளியிலிருந்து விளக்கு மட்டும். பேத்தியின் முடியை மொட்டை மாடிக் காற்றில் உலர்த்தினார். இப்போது மாடிப்படியில் யாராவது ஊதுவத்தி கொளுத்தினால் முதலில் போய்ச் சொல்வது அவர்தான். குழந்தையோடு அதிக நேரம் இருக்கும் பெரியவர்களை ஒதுக்கிவிட்டு எந்த ஏற்பாடும் நிலைக்காது. அவர்களிடம் கட்டளையாகச் சொல்வதைவிடக் கணக்கைக் காட்டுவது நல்லது.

போகி எங்கள் ஊரில் தனி அத்தியாயம். பழைய பொருளோடு டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பார்கள். கொளுத்த வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடாவருடம் கேட்டுக்கொள்கிறது. 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னைக்கு வந்த விமானங்களே திருப்பி அனுப்பப்பட்டன. முந்தின நாள் சாயங்காலமே ஜன்னல்களை மூடிவிடுவோம். தினசரி பம்ப்பை அந்த வாரம் முழுக்க ஒரு வேளைகூட விடுவதில்லை. தீபாவளிக்கும் இதே கதைதான்.

வீசிங்கை விரட்டும் அவசரத்தில் மூக்கை மறந்துவிடுவார்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. மூக்கு அடைத்திருக்கும்வரை ராத்திரி சரியாகாது. மகளுக்குக் கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம், உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம், வாயைத் திறந்துகொண்டு தூக்கம். குறட்டையும் வர ஆரம்பித்தபோது 'மூக்குல சதை வளர்ந்திருக்கு, எடுத்துடலாம்' என்று ஓரிடத்தில் சொன்னார்கள். மூக்கின் பின்பக்கம் இருக்கும் அடினாய்டு அது. எங்கள் டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் பேசி, முதலில் சில மாதம் மூக்கு ஸ்ப்ரே கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். ஸ்ப்ரேயை இடது மூக்குக்கு வலது கையாலும், வலது மூக்குக்கு இடது கையாலும் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் வரும். அடித்தவுடன் வேகமாக உறிஞ்சக் கூடாது, தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவளுக்கு ஸ்ப்ரேயிலேயே குறட்டை அடங்கியது. எல்லாக் குழந்தைக்கும் அப்படி அடங்காது. தூக்கத்தில் சில நொடி மூச்சு நின்று, திடுக்கென்று இழுத்து மறுபடி ஆரம்பிப்பது, தலை நனையும்படி வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புவது எல்லாம் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதன் அடையாளம். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி என்றால் தயங்கவும் கூடாது.

தூக்கத்தைக் கெடுக்கும் மருந்துகளும் உண்டு. வீசிங்குக்கும் மூக்கு அலர்ஜிக்கும் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் என்ற மருந்தை ஆரம்பித்த சில வாரத்தில் மகள் ராத்திரி அலறிக்கொண்டு எழத் தொடங்கினாள். இருமல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் பயந்து அழுகிறாள். பகலில் காரணமில்லாத கோபம். பேய்க்கனவு, திருஷ்டி என்று வீட்டில் பேச்சு வந்தது. மனைவி மருந்துத் தாளைப் படித்துவிட்டு டாக்டருக்கு போன் செய்தாள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 மார்ச்சில் இந்த மருந்தின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது இதற்காகத்தான்: கெட்ட கனவு, தூக்கக் கலைவு, மனநிலை மாற்றம். டாக்டர் அதை நிறுத்தி வேறு ஏற்பாடு செய்தார், அலறல் அடங்கியது. பல குழந்தைகளுக்கு இந்த மருந்து ஒரு தொந்தரவும் தராது. கொடுக்க ஆரம்பித்ததும் தூக்கத்தையும் குணத்தையும் கவனியுங்கள், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி சிரப்பைக் குழந்தை தூங்கட்டும் என்று கொடுப்பதும் நல்லதல்ல. அந்தத் தூக்கம் ஆழமாக இருக்காது, மறுநாள் வகுப்பில் மந்தமாக உட்கார்ந்திருப்பாள். நீல பம்ப்பில் இருக்கும் சால்ப்யூட்டமால் என்ற மருந்து சிரப்பாகப் போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. அதே மருந்து பம்ப்பில் மிகக் குறைந்த அளவில் போதும்.

மூச்சு சரியான பிறகும் தூக்கம் உடனே திரும்பவில்லை. படுக்கை என்றாலே அவளுக்குப் பயம் படிந்திருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவளுக்கு அதில் பாதியும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. எட்டு மணிக்கு போன், டிவி எல்லாம் நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, பம்ப், பல், ஒரு கதை என்று தினமும் ஒரே வரிசையில் கொண்டுபோனோம். நீல பம்ப்பையும் ஸ்பேசரையும் ஒரு துணிப்பையில் போட்டு அவள் தலைமாட்டிலேயே வைத்தோம். "மூச்சு முட்டினா எங்கப்பா போய்த் தேடுவீங்க?" என்பதுதான் அவள் கேள்வி, பை கையெட்டும் தூரத்தில் வந்ததும் அந்தக் கேள்வி நின்றது. பள்ளியில் கவனமில்லை என்று வந்துகொண்டிருந்த புகாரும் சில மாதத்தில் குறைந்தது. வகுப்பு ஆசிரியையிடம் ஒரு கடிதமும் ஒரு பம்ப்பும் கொடுத்திருக்கிறோம். விளையாட்டு வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் டாக்டர் சொன்ன பஃப் போட்டுக்கொள்கிறாள். வீசிங் பிள்ளை என்று ஓரமாக உட்காரவைக்க வேண்டாம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறோம்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இருமல் கூடினால் எத்தனை பஃப், எத்தனை நிமிட இடைவெளி, எப்போது மருத்துவமனை என்று டாக்டர் கையால் எழுதியது. இதை உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அளவு வேறு. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குவது, விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுப்பது, உதடு நீலம் பாய்வது, கூப்பிட்டால் சோர்ந்து கண் மூடுவது, இதில் எது தெரிந்தாலும் பம்ப் போட்டுக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும். மோசமாக இருக்கும்போது விசில் சத்தம் திடீரென்று நின்றால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகாத நெஞ்சில் சத்தமும் வராது.

காலண்டரில் மூன்று மாதம் 'இ' இல்லாமல் இருந்தால்தான் எங்கள் டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பதைப் பற்றிப் பேசுவார். அதையும் மழைக்காலத்தில் செய்வதில்லை, பள்ளி திறந்து சளி பரவும் ஜூனிலும் செய்வதில்லை. போன பங்குனியில் ஒரு படி குறைத்தார். ஒரே வாரத்தில் இரண்டு ராத்திரி எழுந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டு போன் செய்யச் சொல்லியிருக்கிறார். நன்றாக இருக்கும் நாட்களில் பம்ப்பை நிறுத்திப் பார்க்க எல்லோருக்குமே ஆசை வரும். சில குழந்தைகளுக்கு வளர வளர வீசிங் தானே நின்றுவிடும். அலர்ஜியோடு சேர்ந்து வருவது நீடிக்க வாய்ப்பு அதிகம். எங்கள் மகளுடையது இரண்டாவது வகை, அதனால் அவசரமில்லாமல் படிப்படியாகத்தான் குறைக்கிறோம்.